திருகோணமலையில் அரச வேலை: மூன்று அரசாங்கங்களுக்கு நடுவே வழி தெரிந்து நடக்க

திருகோணமலையில் ஒருவர் “அரச வேலை கிடைத்திருக்கிறது” என்றால், அடுத்ததாகக் கேட்க வேண்டியது “எந்த அரசாங்கத்தில்?” என்றுதான். கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், மத்திய அரசினுடையது. பிரதம செயலாளரின் செயலகம் மாகாணத்துடையது. காலையில் குப்பை எடுக்க வரும் உழவு இயந்திரம் உள்ளூராட்சி மன்றத்துடையது. ஒரு முச்சக்கர வண்டிச் சவாரியில் மூன்றையும் சுற்றிப் பார்த்துவிடலாம். ஆனால் நியமிப்பவர் வேறு, சம்பளம் வரும் தலைப்பு வேறு, இடமாற்றத்தின் எல்லை வேறு. புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது சட்டம் தெரியாமல் அல்ல. இந்தக் கடிதம் யாருக்கு, யார் ஊடாக, எந்தப் பணத்தைப் பற்றிப் போகிறது என்பது தெரியாமல்தான்.

யார் எந்த வீட்டுக்காரர்

முதலில் மத்தி. மாவட்டச் செயலாளரை ஊரில் இன்னும் அரசாங்க அதிபர் என்றுதான் சொல்கிறோம். அவருக்குக் கீழே இந்த மாவட்டத்தில் 11 பிரதேச செயலகங்கள்: பட்டினமும் சூழலும், குச்சவெளி, கோமரங்கடவல, மொறவெவ, பதவி சிறிபுர, தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர், சேருவில, வெருகல். கிராம உத்தியோகத்தர் இந்த வரிசையில் கடைசிப் படி. 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டத்துக்குப் பிறகு அரசாங்க அதிபரிடம் இருந்த பல அதிகாரங்கள் நேரே பிரதேச செயலாளரிடம் வந்துவிட்டன. ஆகவே “கச்சேரிக்குப் போனால் எல்லாம் முடியும்” என்பது பழைய காலத்துப் பேச்சு.

அடுத்தது மாகாணம். அரசியலமைப்புக்கு 1987இல் வந்த 13ஆவது திருத்தமும் அதே ஆண்டின் 42ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டமும் இதன் அடித்தளம். வடக்கோடு இணைந்திருந்த கிழக்கு, 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின் பின் 2007 ஜனவரியிலிருந்து தனி மாகாணமாக இயங்குகிறது. முதல் தேர்தல் 2008இல், இரண்டாவது 2012இல். அந்தச் சபையின் காலம் 2017இல் முடிந்தபின் தெரிவு செய்யப்பட்ட சபை இல்லை. இதை அரசியல் செய்தியாக மட்டும் வாசிக்க வேண்டாம். உங்கள் மேசையில் இதற்கு நேரடியான பொருள் உண்டு: சபையும் அமைச்சர் குழுவும் இருந்தால் அங்கே போக வேண்டிய பல விடயங்கள் இப்போது அமைச்சின் செயலாளர், பிரதம செயலாளர் வழியாக ஆளுநரிடம் போகின்றன. பழைய கோவையில் “அமைச்சர் குழுவின் அங்கீகாரத்துக்கு” என்று எழுதியிருப்பதைக் கண்டு அப்படியே பார்த்து எழுதினால், கடிதம் கேள்விக்குறியோடு திரும்பி வரும்.

மூன்றாவது உள்ளூராட்சி. கிண்ணியா நகர சபை, மற்றும் பிரதேச சபைகள். பிரதேச செயலகத்தையும் பிரதேச சபையையும் குழப்பாதவர் ஊரில் குறைவு. முன்னையது மத்தியின் நிர்வாகக் கந்தோர். பின்னையது மக்கள் தெரிவு செய்யும் மன்றம், மாகாணத்தின் உள்ளூராட்சித் திணைக்களத்தின் மேற்பார்வையில் இருப்பது. முதல் வாரத்திலேயே இதைப் பிழையாக எழுதிய முகவரியோடு ஒரு கடிதம் உங்களிடம் வரும். அதைத் திருப்பி அனுப்பாமல், உரிய இடத்துக்கு அனுப்பிவிட்டு எழுதியவருக்கு ஒரு பிரதி போடுங்கள்.

எந்த வாசலால் நுழைவது

பட்டதாரிகளுக்கு மேல்மட்ட வாசல் நாடளாவிய சேவைகள்: இலங்கை நிர்வாக சேவை, திட்டமிடல் சேவை, கணக்காளர் சேவை, கல்வி நிர்வாக சேவை, பொறியியல் சேவை முதலியன. நியமனமும் பதவி உயர்வும் கொழும்பிலுள்ள அரசாங்க சேவை ஆணைக்குழுவின் கையில். நாட்டில் எங்கும் போடுவார்கள். மாகாணத்துக்கு விடுவிக்கப்பட்டு வேலை செய்யும் நிர்வாக சேவை உத்தியோகத்தருக்கு அன்றாட எசமான் மாகாணம் என்றாலும், அவருடைய சேவையின் வேர் மத்தியில்தான் இருக்கும்.

அடுத்த வாசல் அபிவிருத்தி உத்தியோகத்தர் சேவை. இதுவும் பட்டதாரிகளுக்குரியது. உயர்தரத் தகுதியோடு வருபவர்களுக்கு முகாமைத்துவ உதவியாளர் சேவையும் கிராம உத்தியோகத்தர் பதவியும் இருக்கின்றன. இங்கே ஒரு நுணுக்கம் கவனிக்க வேண்டும். முகாமைத்துவ உதவியாளர் சேவை இரண்டு உண்டு. ஒன்று இணைந்த சேவைகளின் கீழ் மத்தி நடத்துவது. மற்றது கிழக்கு மாகாணத்துக்கே உரியது. வேலை ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் முன்னையதில் இடமாற்றம் கொழும்புக்கோ மன்னாருக்கோ வரலாம். பின்னையதில் திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை என்ற மூன்று மாவட்டங்களுக்குள்தான் சுற்றுவீர்கள். வயதான பெற்றோர், பிள்ளைகளின் பாடசாலை என்று ஊரில் வேர் உள்ளவர்களுக்கு மாகாண சேவை பொருந்தும். ஏறும் படிகள் அதிகம் வேண்டும் என்பவருக்கு மத்தி. இதில் பெருமை சிறுமை ஒன்றும் இல்லை. விண்ணப்பிக்கும்போதே தெரிந்து விண்ணப்பிக்க வேண்டும், அவ்வளவுதான்.

மாகாண சேவையில் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று அதிகாரம் சட்டப்படி ஆளுநரிடம். மாகாண சபைகள் சட்டத்தின் 32ஆம், 33ஆம் பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். அந்த அதிகாரத்தை அவர் மாகாணப் பொதுச் சேவை ஆணைக்குழுவுக்குக் கையளிக்கலாம். மேன்முறையீடு செய்ய வேண்டிய நாள் வந்தால், இந்த இரண்டு பிரிவுகள் தெரியாமல் தவறான கதவைத் தட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு.

விண்ணப்பம்: எங்கே கவிழ்கிறது

அறிவித்தல் வெள்ளிக்கிழமை வர்த்தமானியின் முதலாம் பகுதியில், வெற்றிடங்களும் பரீட்சைகளும் வரும் தொகுதியில் இருக்கும். முகநூலில் சுற்றும் சுருக்கப் படத்தைப் பார்த்து விண்ணப்பிக்க வேண்டாம். முழு அறிவித்தலையும் இறக்கி, வயதெல்லை எந்தத் திகதியில் கணிக்கப்படுகிறது, தகைமை எந்தத் திகதிக்கு முன் பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற இரண்டையும் பேனையால் வட்டமிடுங்கள். பட்டமளிப்பு விழாத் திகதி வேறு, பட்டம் செல்லுபடியாகும் திகதி வேறு. பல்கலைக்கழகம் தரும் கடிதத்தில் உள்ள பின்னைய திகதிதான் கணக்கு.

தமிழ்ப் பிரதிக்கும் சிங்களப் பிரதிக்கும் முரண்பாடு இருந்தால் சிங்களப் பிரதியே செல்லும் என்ற வரி பெரும்பாலான பரீட்சை அறிவித்தல்களின் அடியில் இருக்கும். சந்தேகமான இடத்தைச் சிங்களம் தெரிந்த ஒருவரிடம் காட்டி உறுதிப்படுத்துங்கள். தோற்றும் மொழிமூலத்தைப் பின்னர் மாற்ற விடமாட்டார்கள். ஏற்கனவே அரச வேலையில் இருப்பவர் திணைக்களத் தலைவர் ஊடாக அனுப்பாவிட்டால் விண்ணப்பம் தள்ளுபடியாகலாம். இணையவழியில் அனுப்பியவர்கள் அச்சுப் பிரதியும் பணம் செலுத்திய பற்றுச்சீட்டும் இல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

நிர்வாக சேவைப் பரீட்சையில் நுண்ணறிவு, நாட்டின் சமூக பொருளாதார அரசியல் பின்னணி, பகுப்பாய்வு, எழுத்தாற்றல் போன்றவை சோதிக்கப்படும். நம் பிள்ளைகள் நுண்ணறிவுக்கு மாதக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டு, எழுத்தில் கோட்டை விடுகிறார்கள். 600 சொல்லில் உள்ள ஒரு பந்தியை 200 சொல்லுக்குச் சுருக்குவதை வாரம் மூன்று தடவை கையால் எழுதிப் பழகுங்கள். கடைசியில் உத்தியோகத்திலும் தினமும் செய்யப்போவது இதைத்தான்.

நேர்முகத்துக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ்கள், கிராம உத்தியோகத்தர் சான்றிதழ் எல்லாவற்றிலும் பெயர் ஒரே விதமாக இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து ஒன்றில் “எஸ்”, மற்றொன்றில் “சி” என்று இருந்தால் சத்தியக் கடதாசி ஒன்று தேவைப்படும். அதை நேர்முகத்துக்கு முதல்நாள் தேடி ஓட முடியாது.

முதல் மாதம்

நியமனக் கடிதத்தை மூன்று தடவை வாசியுங்கள். தகுதிகாண் காலம் எத்தனை ஆண்டு (பொதுவாக 3), எந்த வினைத்திறன்காண் தடைதாண்டல் பரீட்சையை எத்தனை ஆண்டுக்குள் சித்தியடைய வேண்டும், இரண்டாம் மொழி எப்போதைக்குள் என்று அதில் இருக்கும். இந்த மூன்று திகதிகளையும் மேசைக் கலண்டரில் எழுதி ஒட்டுங்கள். சம்பள ஏற்றம் நின்றுபோனபின் “யாரும் சொல்லவில்லை” என்று வாதாட முடியாது. கடிதத்தில் எழுதித்தான் தந்திருக்கிறார்கள்.

உங்கள் தனிப்பட்ட கோவையில் நியமனக் கடிதம், கடமையேற்ற கடிதம், சத்தியப் பிரமாணம், மருத்துவ அறிக்கை, விதவைகள் தபுதாரர் அநாதைகள் ஓய்வூதியப் பதிவு ஆகியவை ஏறியிருக்கின்றனவா என்று விடயப் பொறுப்பாளரிடம் கேட்டுப் பாருங்கள். இதைக் கேட்பது மரியாதைக் குறைவல்ல. ஓய்வுபெறும் வயதில் ஒரு கடதாசி இல்லாமல் அலைபவர்களைப் பார்த்தால் ஏன் என்று விளங்கும். எல்லாவற்றிலும் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.

கந்தோர் நேரம் காலை 8.30 முதல் மாலை 4.15. லீவு ஆண்டுக்கு 45 நாள்: அமயலீவு 21, ஓய்வுலீவு 24. முதல் ஆண்டில் முழுதும் கிடைக்காது. விவரம் அரச உத்தியோகத்தருக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயத்தில் உண்டு. அதே கோவையின் 32ஆம் அத்தியாயம் அரசியல் உரிமை யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்பதைச் சொல்கிறது. 47ஆம் அத்தியாயம் ஒழுக்கம், உத்தியோகத் தகவலை வெளியிடுதல் ஆகியவற்றை. கந்தோர்க் கோவையைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் அந்தப் பக்கங்களைப் புரட்டுங்கள்.

கோவையும் கடிதமும்

உத்தியோகத்தின் பாதி இதில்தான். ஒரு கடிதம் வந்ததும் திகதி முத்திரை, தபால் பதிவேடு, கோவைக்குள் பக்க இலக்கம். இலக்கமிடாத கடிதம் தொலைந்தால் அப்படி ஒரு கடிதம் வந்ததற்கே சான்று இல்லை. பிறகு குறிப்புத்தாளில் மேலதிகாரிக்கு எழுத வேண்டும். நல்ல குறிப்பு நான்கு வரியில் முடியும்: என்ன வந்திருக்கிறது, எந்த விதி, பணம் இருக்கிறதா, நீங்கள் என்ன பரிந்துரைக்கிறீர்கள். உதாரணமாக:

“பக்கம் 14: பிரதேச சபைச் செயலாளரின் கடிதம். மதகு திருத்தத்துக்கு ரூபா 8 இலட்சம் கேட்கிறார். பக்கம் 9இல் உள்ள வீதிப் பதிவேட்டின்படி வீதி சபைக்குரியது. இவ்வாண்டுத் திட்டத்தில் இவ்வேலை இல்லை, மீதப்படுத்தல் பற்றிக் கணக்காளரின் குறிப்பு பக்கம் 13. சபையின் சொந்த நிதியில் செய்யும்படி பதிலளிக்கவும், அடுத்த ஆண்டுத் திட்டத்தில் சேர்க்கவும் சிபாரிசு செய்து அங்கீகாரத்துக்காகச் சமர்ப்பிக்கிறேன்.”

புதியவர்கள் செய்யும் பிழை, கடைசி வரியை விட்டுவிட்டு “தங்கள் கவனத்திற்கு” என்று மட்டும் எழுதுவது. மேலதிகாரி என்ன செய்வார்? “பேசவும்” என்று எழுதித் திருப்பி அனுப்புவார். ஒரு கிழமை போய்விடும்.

வெளியே போகும் கடிதத்தில் மேலே எனது இல, உமது இல, திகதி. “உமது இல” வெறுமையாக இருந்தால் அந்தப் பக்கத்தில் உங்கள் கடிதம் பழைய கோவையைத் தேடிச் சேராது, புதுக் கோவை ஒன்று திறப்பார்கள். முதல் வாக்கியத்தில் அவர்களது கடிதத்தின் திகதியைக் குறிப்பிடுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு விடயம் போதும். காணியையும் கட்டடத்தையும் ஒன்றாக எழுதினால் இரண்டு கிளைகளும் மற்றவர் பதில் எழுதுவார் என்று வைத்துக்கொள்ளும்.

ஊடாக என்ற சொல்லின் எடை பெரிது. மாகாணத் திணைக்களம் ஒன்று கொழும்பு அமைச்சுக்கு எழுதும்போது, மாகாண அமைச்சின் செயலாளர் ஊடாகவும் விடயத்தைப் பொறுத்துப் பிரதம செயலாளர் ஊடாகவும் போகும். பிரதேச சபை மேலே எழுதுவது உள்ளூராட்சி உதவி ஆணையாளர், ஆணையாளர் வழியாக. அவசரம் என்றால் முற்பிரதி ஒன்றை நேரே அனுப்பி, “ஊடாக வரும் மூலப்பிரதிக்கு முன்னதாக” என்று எழுதலாம். சொல்லாமல் தாண்டிப் போனால், தாண்டப்பட்டவர் அடுத்த கோவையை எடுக்கும் வேகத்தில் அது தெரியும்.

ஒரு மதகு, மூன்று அரசாங்கம்

வெருகல் பக்கம் ஒரு கிராம வீதியில் மதகு இடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மக்கள் மனு பிரதேச செயலகத்துக்கு வருகிறது. முதலில் இடத்தைத் துல்லியமாக்குங்கள்: கிராம உத்தியோகத்தர் பிரிவு, வீதியின் பெயர், சந்தியிலிருந்து எத்தனை மீற்றர், குழாயின் விட்டம், அளவுகோலோடு எடுத்த படம். “பாடசாலைக்கு அருகில்” என்று மட்டும் எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வேறு பாடசாலைக்குப் போய்விட்டு வருவார்.

பிறகு வீதி யாருடையது என்று பாருங்கள். ஏ, பீ வகுப்பு வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மட்டக்களப்புப் பக்கம் போகும் ஏ15 அப்படித்தான். சீ, டீ வகுப்பு மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஏனையவை பொதுவாக உள்ளூராட்சி மன்றத்துக்கு. பொறி இருப்பது நான்காவது வகையில்: வாய்க்கால் ஓரப் பாதை நீர்ப்பாசனத்துக்குச் சொந்தமாக இருக்கும், காட்டோரப் பாதை வன இலாகாவின் எல்லைக்குள் இருக்கும், எந்தப் பதிவேட்டிலும் ஏறாத பாதையும் உண்டு. பிரதேச சபையின் வீதிப் பதிவேட்டைக் கேட்டு, அந்தப் பக்கத்தின் பிரதியைக் கோவையில் போடாமல் அடுத்த அடி வைக்க வேண்டாம்.

நீரிலும் இதே கதை. மாகாணங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளின் திட்டங்கள் மத்தியின் கையில், மகாவலி அதற்கு உதாரணம். மாகாணத்துக்குள் முடியும் திட்டங்கள் மாகாண நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. 80 ஹெக்ரேயருக்குக் குறைவான நிலத்துக்குப் பாய்ச்சும் சிறு குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துக்கு. ஒரே வயல்வெளியில் மூன்று திணைக்களத்தின் வாய்க்கால் ஓடும். அதனால்தான் போகம் தொடங்குமுன் நடக்கும் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தில் எல்லாரும் ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். நீர் விடும் திகதி, விதைப்பை முடிக்கும் கடைசி நாள், மாடுகளை அகற்றும் நாள் எல்லாம் அங்கே தீர்மானமாகும். புதிய உத்தியோகத்தர் ஒருவர் இந்த நாட்டின் அரசாங்கங்களுக்கிடையிலான உறவை ஒரே காலைப்பொழுதில் படிக்க விரும்பினால், பின்வரிசையில் அமர்ந்து அந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம்.

மதகுக்குத் திரும்புவோம். சபையின் வீதி என்று உறுதியானால் மதிப்பீடு. பின் நிதி எங்கிருந்து என்று தேட வேண்டும்: மாகாணத்தின் ஆண்டுத் திட்டமா, பாராளுமன்ற உறுப்பினரின் பன்முகப்படுத்தப்பட்ட நிதியா, அனர்த்த நிதியா, சபையின் சொந்தப் பணமா? இங்கேதான் பெரிய விபத்து நடக்கும்: ஒரே மதகு இரண்டு திட்டங்களில் ஏறிவிடும். மனுவைக் கொடுத்தவர்கள் எல்லா வாசலிலும் கொடுத்திருப்பார்கள். அது அவர்களின் பிழையல்ல. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவுக்குப் போகுமுன் மூன்று கந்தோருக்கும் தொலைபேசி எடுத்து, பதிலைத் திகதியோடு குறிப்புத்தாளில் எழுதுங்கள். மத்தியின் பணத்தில் சபையின் வீதியில் கட்டினால், வேலை முடிந்ததும் பராமரிப்பை ஏற்கிறோம் என்ற கடிதத்தைச் சபையிடம் முன்னதாகவே வாங்குங்கள். இல்லாவிட்டால் ஐந்து வருடம் கழித்து அதே மதகு இடிந்து, அதே மனு வரும்போது “கட்டியவர் பார்க்கட்டும்” என்று பதில் வரும்.

பணமும் மழையும்

மாகாணத்துக்குப் பணம் பெரும்பாலும் திறைசேரியிலிருந்துதான் வருகிறது. எவ்வளவு என்பதை நிதி ஆணைக்குழு சிபாரிசு செய்யும். மத்திய வங்கி ஆளுநர், திறைசேரிச் செயலாளர், மூன்று பிரதான சமூகங்களைப் பிரதிநிதித்துவம் செய்யும் மூவர் என ஐவர் கொண்ட ஆணைக்குழு அது. வரும் பணத்தைத் தொகுதி நன்கொடை, நியதி அடிப்படையிலான நன்கொடை, மாகாணத்துக்கெனக் குறித்தொதுக்கிய அபிவிருத்தி நன்கொடை என்று பிரித்துப் பேசுவார்கள். தொகுதி நன்கொடை மீண்டெழும் செலவுக்கு. அதாவது ஆசிரியரின் சம்பளம் முதல் கந்தோரின் மின்சாரக் கட்டணம் வரை. புதிய கட்டடம், வீதி எல்லாம் கடைசி வகையில். மாகாணம் தானே திரட்டுவது வாகன வருமான அனுமதிப்பத்திரக் கட்டணம் போன்றவை. முத்திரைத் தீர்வையும் நீதிமன்றத் தண்டப் பணமும் மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சி மன்றங்களுக்குப் போய்ச் சேர வேண்டியவை. சபைச் செயலாளர் ஒருவர் “நிலுவை எப்போது வரும்?” என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் கேட்கிறார்.

ஒதுக்கீடு வேறு, காசு வேறு. திட்டத்தில் 50 இலட்சம் எழுதியிருந்தாலும் கட்டுநிதி, அதாவது கையில் விடுவிக்கப்படும் காசு, வராமல் பட்டியலுக்குப் பணம் கொடுக்க முடியாது. செலவழியாத ஒதுக்கீடு டிசம்பர் 31உடன் காலாவதியாகும். நம் மாவட்டத்தில் மாரிமழை ஒக்டோபரில் தொடங்கி, நவம்பர் டிசம்பரில் உச்சம் தொடும். ஆக, கணக்கு முடிகிற மாதமும் மண்வேலை செய்ய முடியாத மாதமும் ஒன்றே. கொழும்பிலிருந்து வரும் சுற்றுநிருபத்துக்கு இந்த வானம் தெரியாது.

அதனால் ஒக்டோபர் 15இலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். மதகு ஒன்றுக்கு வேலைக் காலம் 10 கிழமை என்றால் ஓகஸ்ட் தொடக்கத்தில் ஒப்பந்தக்காரர் களத்தில் நிற்க வேண்டும். கேள்வி கோரல், திறத்தல், மதிப்பீடு, உடன்படிக்கை எல்லாவற்றுக்கும் 8 கிழமை வையுங்கள். மதிப்பீடு ஜூன் தொடக்கத்தில் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். அப்படியானால் களப் பார்வை மே மாதத்துக்குள். செப்டெம்பரில் மதிப்பீடு கையில் கிடைத்த வேலைக்கு டிசம்பரில் சேற்றுக்குள் கொங்கிறீற் போட்டுவிட்டு, மார்ச்சில் வெடிப்பைப் பார்த்துக் கணக்காய்வு கேள்வி கேட்கும்.

அரச பணத்தைக் கையாளும் விதிகளான நிதிப் பிரமாணங்களில் சில இலக்கங்களை மனப்பாடம் செய்துகொள்ளலாம். 66: ஒரு செலவு விடயத்தில் மீதப்பட்ட பணத்தை இன்னொன்றுக்கு மாற்றுவது. 135: யார் அங்கீகரிக்கலாம், யார் சான்றுப்படுத்தலாம், யார் கொடுக்கலாம் என்ற கையளிப்பு. 371: முற்பணம். 104: இழப்பு நேர்ந்தால் விசாரணை. 756: ஆண்டுப் பொருட்கணக்கெடுப்பு. மாகாணத்துக்குத் தனி நிதி விதிகள் உண்டு, அவற்றையும் கூடவே வைத்துப் பாருங்கள். அங்கீகரிப்பவரும் சான்றுப்படுத்துபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் ஆட்பற்றாக்குறையுள்ள சிறு கந்தோரில் வெள்ளிக்கிழமை பின்னேரம் அந்த இரண்டு ஒப்பத்தையும் உங்களிடமே கேட்பார்கள். மறுப்பதாக இருந்தால் இலக்கத்தைக் காட்டி மறுங்கள், குரலை உயர்த்தி அல்ல.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழு

மத்தியும் மாகாணமும் அரசியல்வாதிகளும் ஒரே மேசையில் அமரும் இடம் இது. உங்கள் தலைவர் அங்கே பேசப்போகிறார் என்றால் அவருக்கு ஒரு தாள் தயாரிப்பது நீங்களாக இருக்கும். ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். போன கூட்டத்தின் தீர்மானம், அதன் இலக்கம், செய்தது, செய்யாதது, ஏன், எந்தத் திகதிக்குள். “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்ற வாக்கியத்தை அடித்துவிட்டு “ஜூலை 3ஆம் திகதி பொறியியலாளருக்கு எழுதப்பட்டது, பதில் இல்லை” என்று எழுதுங்கள். கூட்டத்தில் அடுத்த திணைக்களத்தைக் குற்றம் சாட்டப்போகிறீர்கள் என்றால் முதல்நாளே அவர்களுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள். சபையில் வைத்து வெட்கப்படுத்தியவருக்கு அடுத்த ஆறு மாதம் ஒரு அனுமதியும் எளிதில் வராது. கூட்டறிக்கை வந்ததும் உங்கள் விடயத்தை மட்டும் பிரதி எடுத்து அந்தந்தக் கோவையில் சேருங்கள்.

சிங்களமும் தமிழும்

அரசியலமைப்பின்படி வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ். கொழும்பிலிருந்து சிங்களத்தில் மட்டும் வரும் கடிதத்துக்குத் தமிழில் பதில் எழுத உங்களுக்கு உரிமை உண்டு. எழுதுங்கள். ஆனால் விளங்காமல் எழுத வேண்டாம். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றுநிருபத்தின்படி 2007 ஜூலை 1க்குப் பின் சேர்ந்தவர்கள் மற்ற அரசகரும மொழியில் தேர்ச்சி பெற வேண்டும். பின்வந்த சுற்றுநிருபங்கள் காலத்தையும் மட்டங்களையும் திருத்தியிருக்கின்றன, உங்கள் சேவைப் பிரமாணக் குறிப்பில் எது பொருந்தும் என்று பாருங்கள்.

பேச்சுச் சிங்களத்தைச் சந்தையில் பழகலாம். கந்தோர்ச் சிங்களம் வேறு. முதலில் 50 சொல் போதும்: லிபிகொனுவ என்றால் கோவை, சக்ரலேகய சுற்றுநிருபம், அனுமெதிய அங்கீகாரம், பிரதிபாதன ஒதுக்கீடு. கந்தளாயிலிருந்தும் கோமரங்கடவலவிலிருந்தும் வரும் ஒருவர் உங்கள் மேசைக்கு முன் நின்று தன் மொழியில் விடயத்தைச் சொல்லும்போது, படிவத்தை அவர் மொழியில் எடுத்துக் கொடுப்பது உங்கள் கடமை. மொழிபெயர்க்கும்போது “முடியும்”, “வேண்டும்” இரண்டையும் மாற்றிவிடாதீர்கள். ஒரு காணி அனுமதிப்பத்திர நிபந்தனையில் அந்த ஒரு சொல் மாறினால் ஒரு குடும்பத்தின் நிலம் தர்க்கத்தில் விழும்.

காணிக் கோவைகளைப் பற்றி ஒரு வார்த்தை. காணி 13ஆவது திருத்தத்தில் மாகாண நிரலில் இருந்தாலும் அரச காணி குடியரசுக்குரியது. 2013இல் உயர் நீதிமன்றமும் அரச காணியின் மீது மாகாண சபைக்கு அதிகாரமில்லை என்று தீர்த்தது. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான பேர்மிற்றுகள் பிரதேச செயலகத்தில், மாகாணக் காணி ஆணையாளர் ஒரு பக்கம், காணி ஆணையாளர் நாயகம் மறுபக்கம். மக்களிடம் “இப்போதே முடித்துத் தருகிறேன்” என்று வாய்விட்டுவிட வேண்டாம்.

கணக்காய்வும் தகவல் கோரிக்கையும்

கணக்காய்வு ஐயவினா வந்தால் பயப்பட ஒன்றும் இல்லை, தாமதிக்கவும் ஒன்றும் இல்லை. கேட்ட ஒவ்வொரு பந்திக்கும் தனித்தனியே, ஆவணத்தின் பக்க இலக்கத்தோடு பதில். “எதிர்காலத்தில் கவனமாக இருப்போம்” என்பது பதிலல்ல. 2018ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தேசிய கணக்காய்வுச் சட்டத்துக்குப் பிறகு, இழப்புக்குப் பொறுப்பானவரிடம் மிகைக்கட்டணம் அறவிடும் வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரிக்கை வந்தால், தகவல் உத்தியோகத்தர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். கோரியவர் ஏன் கேட்கிறார் என்று விசாரிக்க வேண்டியதில்லை. கோவையில் பக்க இலக்கம் போட்டு வைத்தவருக்கு இந்த இரண்டு வேலையும் ஒரு பின்னேர வேலை. போடாதவருக்கு ஒரு மாதம்.

இடமாற்றம் வந்தால்

ஆண்டு இடமாற்றத்துக்கான விண்ணப்பத் திகதிகளைக் கந்தோர் அறிவித்தல் பலகையில் பார்த்து வையுங்கள். கிடைத்துவிட்டால் பொறுப்பு ஒப்படைப்பை எழுத்தில் செய்யுங்கள்: நடைமுறையிலுள்ள கோவைகளின் பட்டியல், ஒவ்வொன்றிலும் அடுத்து நடக்க வேண்டியது, அதன் திகதி; தீர்க்கப்படாத முற்பணம்; பொருட்பதிவேடு; கணினிக் கடவுச்சொற்கள்; பதிலளிக்காத ஐயவினாக்கள். இருவரும் ஒப்பமிட்டு மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கந்தோர்க் கோவையில் போட்டு, ஒன்றைப் பொறுப்பேற்பவரிடம் கொடுத்து, மற்றதை உங்கள் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுங்கள்.